மதிலுக்கு வெளியே ஒரு மருத்துவர்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், கடலோரத்தில், ரே டவுன் என்ற மீனவர் குடியிருப்பை அடுத்து நீண்ட மதில் ஒன்று ஓடுகிறது. அதற்குள் இருப்பது பெல்வியூ மருத்துவமனை. ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளிலேயே பெரிய மனநல மருத்துவமனை அதுதான். சென்னையில் கீழ்ப்பாக்கமும் கொழும்பில் அங்கொடையும் ஊர்ப் பெயர் என்ற நிலையிலிருந்து இறங்கி வசவாகிப்போனதுபோல ஜமைக்காவில் பெல்வியூ. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரைச் சீண்டினால் கைகலப்பே வரலாம். வீட்டில் ஒருவர் அங்கே இருக்கிறார் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லமாட்டார்கள்.

1960-ல் அந்த மதிலுக்குள் 3,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். அப்போது தீவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 16 லட்சம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒருவர் பெல்வியூவில் இருந்திருக்கிறார். பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளில் மக்கள்தொகை முக்கால் மடங்கு பெருகியது. பெல்வியூவில் இருந்தவர்களின் எண்ணிக்கையோ ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஜமைக்கா பணக்கார நாடல்ல. வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டியே பல ஆண்டுகள் நொந்துபோன நாடு. அப்படிப்பட்ட நாட்டில் இது நடந்திருக்கிறது என்பதால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது ஒருவரால் நடந்ததல்ல. அறுபதுகளில் பெல்வியூவின் பொறுப்பில் இருந்த கென்னத் ராய்ஸ் மருத்துவமனையின் இறுக்கத்தைத் தளர்த்தத் தொடங்கினார். அதே காலத்தில் மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் மைக்கேல் போப்ரன் மனநல மருத்துவத்துக்கு உள்ளூரிலேயே மேற்படிப்பை உருவாக்கினார். அதற்கு முன்பெல்லாம் மனநல மருத்துவராக வேண்டுமென்றால் கப்பலேறி பிரிட்டன் போக வேண்டும். இவர்கள் போட்ட பாதையில் வந்து, அரை நூற்றாண்டு அதிலேயே நடந்தவர் பிரடெரிக் ஹிக்லிங். அரசு மருத்துவமனை, வானொலி நிலையம், பர்மிங்ஹாம் நகரம், பல்கலைக்கழக வகுப்பறை, குடிசைப் பகுதியின் ஆரம்பப் பள்ளி என்று அவர் வேலை பார்த்த இடங்கள் பல. ஆனால், அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது ஒன்றேதான். ஒரு மக்களின் மனநோயைப் புரிந்துகொள்ள அந்த மக்களின் வரலாறும் பேச்சும் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியை அவற்றிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே நோயை வளர்க்கும்.

தொட்டியில் முக்கிய காலம்

பெல்வியூவின் வரலாறு தெரியாமல் ஹிக்லிங்கின் கோபம் புரியாது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அடிமை முறை ஒழிந்து இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், கிங்ஸ்டன் பொது மருத்துவமனையை ஒட்டி ஒரு பைத்தியக்கார விடுதி இருந்தது. அதன் நிலைமையைக் கண்டு கொதித்த லூயிஸ் பவர்பேங்க் என்ற மருத்துவர் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளுக்கு எழுதிப் போராடினார். 1860-ல், அங்கே ஏழு மாதம் இருந்து வெளியே வந்த ஆன் பிராட் என்ற பெண், தான் கண்டதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் நோயாளிகளைப் பலவந்தமாக முக்கிப் பிடித்து மூச்சுத் திணற வைப்பது அங்கே தண்டனையாக இருந்தது. அதற்கு ‘டேங்கிங்’ என்று பெயரே இருந்தது. மனநோய் விடுதியில் இருந்த ஓர் ஏழைப் பெண்ணின் சொல்லை எவரும் நம்பாத காலம் அது. ஆனாலும் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1861-ல் விசாரணை நடந்தது. அவர் சொன்னது உண்மை என்று வெளிப்பட்டது. லண்டனிலிருந்த காலனி அலுவலகம் அதிர்ந்துபோய், பேரரசின் எல்லாக் காலனிகளிலும் உள்ள மருத்துவமனைகளும் மனநோய் விடுதிகளும் எப்படி இருக்கின்றன என்று கேள்விப் பட்டியல் அனுப்பியது. ஆன் பிராட்டின் சிறு நூல் அத்தனை தூரம் போயிருக்கிறது. மனநல உரிமைகளின் வரலாற்றில் அந்தப் பெண்ணுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அந்தக் கலவரத்தின் நடுவே ரே டவுனில் கட்டி முடித்துத் திறக்கப்பட்ட புதிய விடுதிதான் பின்னாளில் பெல்வியூ என்ற பெயரைப் பெற்றது. தொட்டி போயிற்று. மதில் இருந்தது. அந்த மதிலுக்குள் நோயாளிகள் மட்டும் போகவில்லை.

அலெக்சாண்டர் பெட்வர்டு என்ற சமயப் போதகர் கிங்ஸ்டனுக்கு வெளியே ஆகஸ்ட் டவுனில் ஆயிரக்கணக்கான ஏழைக் கறுப்பின மக்களைத் திரட்டி வைத்திருந்தார். ஆற்றில் இறங்கி ஆசீர்வாதம் பெற தீவு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பேசினார் என்று 1895-ல் அவர்மீது ராஜதுரோக வழக்கு. புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று தீர்ப்பு வந்தது. 1921-ல் தம் மக்களோடு கிங்ஸ்டனை நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டபோது மறுபடி கைது செய்யப்பட்டு மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். 1930-ல் அங்கேயே செத்துப்போனார். முப்பதுகளில் ரஸ்தஃபாரி சமயத்தை முதன்முதலாகப் பிரசங்கம் செய்தவர்களில் ஒருவரான லியோனார்ட் ஹவெலும் ராஜதுரோக வழக்கில் சிறை சென்றார். பிற்பாடு அவரும் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார்.

பெட்வர்டு வானத்துக்கு ஏறிப்போவேன் என்று நாள் குறித்தவர், அது நடக்கவில்லை என்பதெல்லாம் உண்மை. அவருக்கு நோய் இருந்ததா என்பதை இன்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால், ஆட்சியாளருக்குப் பிடிக்காத பேச்சுக்கு நோய்ப் பெயர் சூட்ட முடிந்தது, அதற்கு ஒரு மருத்துவமனை கைகொடுத்தது என்பது ஆவணத்தில் இருக்கிறது. ஹிக்லிங் பின்னாளில் இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் நிலமும் அடுத்தவர் உடலும் தங்களுக்கே சொந்தம் என்று நானூறு ஆண்டுகளாக உறுதியாக நம்பிய ஐரோப்பியக் காலனியாதிக்கத்தின் எண்ணத்தை ஏன் மருட்சி என்று எந்த மருத்துவப் புத்தகமும் எழுதவில்லை என்று கேட்டார். அவருடைய எழுத்தில் அது ஒரு நோயாகவே விவரிக்கப்பட்டிருக்கிறது. பலருக்கு அது மிகையாகப் பட்டது. அந்த மதிலுக்குள் வேலை பார்த்தவருக்கு அப்படித் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை.

நோயாளிகள் நடித்த வரலாறு

எழுபதுகளில், முப்பது வயதையொட்டி, ஹிக்லிங் பெல்வியூவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நாடு விடுதலை பெற்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1972-ல் ஆட்சிக்கு வந்த மைக்கேல் மேன்லியின் சோஷலிச அரசு, எழுத்தறிவு இயக்கம், இலவசக் கல்வி என்று நாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. ரெகே இசை உலகமெங்கும் ஒலித்தது. இன்னொரு பக்கம் இரண்டு கட்சிகளின் ஆயுதக் கும்பல்கள் கிங்ஸ்டனின் குடிசைப் பகுதிகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1978 ஏப்ரலில் பாப் மார்லி மேடையில் இரண்டு தலைவர்களின் கைகளையும் பிடித்துச் சேர்த்து உயர்த்திய நிகழ்ச்சி உலகம் அறிந்தது. அதே 1978-ல்தான் ரே டவுன் மதிலுக்குள் வேறொன்று நடந்தது.

ஹிக்லிங் நோயாளிகளையும் செவிலியர்களையும் சமையல்காரர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் மருத்துவர்களையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார். இந்த மருத்துவமனை எப்படி வந்தது, யார் கட்டினார்கள், உள்ளே யார் அடைபட்டார்கள், அதே காலத்தில் வெளியே நாட்டில் என்ன நடந்தது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொன்னார். சொன்னதெல்லாம் காலவரிசைப்படி எழுதிக் கோக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளாக வாய் திறக்காமல் கிடந்தவர் என்று கோப்பில் எழுதப்படும் வகை நோயாளிகளும் உட்காரும் கூட்டம் அது. தன் நோயைப் பற்றிக் கேட்டால் பேசாத ஒருவர், தன் ஊரில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்டால் பேசக்கூடும் என்பதுதான் இதன் அடிப்படை. இந்த முறைக்கு அவர் ‘சைக்கோஹிஸ்டாரியோகிராஃபி’ என்று பெயர் வைத்தார். கூட்டமாக உட்கார்ந்து தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்வதன் வழியே மனம் தெளிவடைவது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் கூட்டங்களிலிருந்து ஒரு நாடகம் பிறந்தது. ‘மேட்னிஃபிசன்ட் ஐரேஷன்ஸ்’ என்று பெயர். நோயாளிகளே நடித்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். பார்ப்பதற்குக் கிங்ஸ்டன் நகரத்து மக்களை உள்ளே அழைத்தார்கள். அதுவரை அந்த மதிலைக் கடந்து போகையில் பார்வையைத் திருப்பிக்கொண்டவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, தங்கள் நாட்டின் வரலாற்றைத் தாங்கள் பைத்தியம் என்று சொன்னவர்களின் வாயால் கேட்டார்கள். பாட்டு, நடனம், ஓவியம், நாடகம் என்று தொடர்ந்த இந்தத் திட்டத்தைக் ‘கலாச்சார சிகிச்சை’ என்றார்கள். மாத்திரையும் ஊசியும் நின்றுவிடவில்லை. அவற்றோடு சேர்த்துத்தான் இது நடந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்தை விட்டுவிட்டுப் பாட்டுப் பாடினால் சரியாகிவிடும் என்று ஹிக்லிங் எங்கும் சொன்னதில்லை.

1980 அக்டோபர் தேர்தலில் மேன்லி தோற்றார். 1981-ல் கலாச்சார சிகிச்சைத் திட்டம் நின்றுபோனது. ஹிக்லிங் 1989-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் அந்த மூன்றாண்டு அனுபவத்தை எழுதினார். அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அப்படியொன்று நடந்ததே வெளியுலகுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கரீபியத்தில் உள்ளூர் வழக்கத்தோடு மருத்துவமனை கைகோத்தது அதுவே முதல்முறை அல்ல. தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று அறுபதுகளில் கயானாவில் நடந்திருக்கிறது. மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே ‘மெட்ராஸி’ என்று அழைக்கப்படுகிறார்கள். தமிழ்ப் பேச்சு மறைந்துவிட்டது. மாரியம்மனும் காளியும் வேப்பிலையும் தப்பும் உடுக்கும் மறையவில்லை. பெர்பிஸ் பகுதியின் கோயில்களில் பேய் பிடித்ததென்று வருபவர்களுக்கு வேப்பிலை அடித்து, சாமி வந்து குறி சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அதே பெர்பிஸில்தான் நாட்டின் மனநல மருத்துவமனையான ஃபோர்ட் கான்ஜேயும் இருக்கிறது. அங்கே பொறுப்பிலிருந்த என்ரிக்கே அரனெட்டா என்ற மருத்துவர், மானுடவியலாளர் பிலிப் சிங்கரோடு சேர்ந்து, காளி கோயில் பூசாரி ஜேம்சி நாயுடுவுடன் உறவு ஏற்படுத்திக்கொண்டார். பூசாரியை விரட்டவில்லை; எந்த நோயாளிக்கு எது உதவும் என்று அவரோடு கலந்து பேசினார். 1967-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 1976-ல் வெளியான இன்னொரு கட்டுரையில் ஆசிரியர் பெயர்களில் ஒன்றாகப் பூசாரி நாயுடுவின் பெயரும் அச்சாகியிருக்கிறது. ஒரு மருத்துவ ஆய்வில் கோயில் பூசாரியைச் சக ஆசிரியராக மதித்த பண்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கயானாவின் துயரம் வேறொரு பக்கம் இருக்கிறது. உலகிலேயே தற்கொலை விகிதம் அதிகமான நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2014 அறிக்கையில் கயானாவைக் குறிப்பிட்டது. லட்சத்துக்கு 44 பேர். இந்திய வம்சாவளியினரிடையே அது மிகுதி. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தை அந்த நாடு 2022-ல்தான் நீக்கியது.

ஆஸ்துமாக்காரருக்குப் பக்கத்துக் கட்டில்

ஜமைக்காவுக்குத் திரும்புவோம். பெல்வியூவில் நாடகம் கண்ணுக்குத் தெரிந்த வேலை. கண்ணுக்குத் தெரியாமல் நடந்த இன்னொரு வேலைதான் பெல்வியூவைக் காலி செய்தது.

ஒருவருக்குத் திடீரென்று மனநிலை கலங்கிவிட்டால், பழைய நாட்களில் போலீஸ் வரும்; கையைக் கட்டி வண்டியில் ஏற்றும்; மலையோர ஊரிலிருந்து மணிக்கணக்கில் பயணம் செய்து கிங்ஸ்டன் பெல்வியூவில் கொண்டுவந்து விடும். வீட்டார் பார்க்க வர வேண்டுமென்றால் பஸ் காசே அவர்களுக்குப் பெரும் செலவு. ஆறு மாதத்தில் வருகை குறையும். ஆறு ஆண்டில் வீடே மாறிப்போயிருக்கும். நோய் தணிந்த பிறகும் போக இடமில்லாமல் உள்ளேயே தங்கிப்போனவர்கள்தான் அந்த 3,000 பேரில் கணிசம்.

1974-ல் பழைய மனநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. மனநல மருத்துவத்தில் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ‘மனநல அலுவலர்’ என்ற பொறுப்போடு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தகவல் வந்தால் போலீசுக்கு முன் இவர்கள் போய் நிற்பார்கள். வீட்டிலேயே ஊசி போட்டு, பேசி, அமைதிப்படுத்த முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் அந்த ஊர்ப் பொது மருத்துவமனையிலேயே சேர்ப்பார்கள். எங்கே? அங்கே தனி மனநோய் வார்டு கிடையாது. பொது மருத்துவ வார்டில், ஆஸ்துமாவுக்கும் நீரிழிவுக்கும் சேர்ந்தவர்களின் பக்கத்துக் கட்டிலில். பூட்டு கிடையாது. நோய் கொஞ்சம் தணிந்ததும், சில நாட்களிலோ இரண்டொரு வாரத்திலோ, வீட்டுக்குப் போகலாம். அதன்பிறகு நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியை மாதாமாதம் போட மனநல அலுவலர் தேடி வருவார்.

முதலில் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும் ஏற்பாடு இது. மற்ற நோயாளிகளுக்கு ஆபத்தில்லையா, செவிலியர்கள் ஒப்புக்கொண்டார்களா என்ற கேள்விகள் எழத்தான் செய்யும். ஹிக்லிங்கும் சக ஆய்வாளர்களும் இதை ஆய்வுக்கே உட்படுத்தினார்கள். முதன்முறையாக மனச்சிதைவு நோயோடு வந்த 120 பேரை, பெல்வியூவில் சேர்ந்தவர்கள், தனி மனநலப் பிரிவில் சேர்ந்தவர்கள், திறந்த பொது வார்டில் சேர்ந்தவர்கள் என்று பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2000-ல் வெளிவந்தது. பொது வார்டில் சேர்ந்தவர்கள் குறைந்த நாட்களே தங்கினார்கள். அவர்கள் தேறிய விதமும் மற்ற இரு பிரிவினரைவிட மோசமாக இல்லை, மேலாகவே இருந்தது. தனி வார்டு கட்டப் பணமில்லாததால் வந்த ஏற்பாடு என்று இதைச் சிலர் ஒதுக்குகிறார்கள். பணமில்லாததும் ஒரு காரணம்தான். ஆனால், பொது வார்டில் கிடந்து வீடு திரும்பியவருக்கு ‘பெல்வியூவிலிருந்து வந்தவர்’ என்ற பெயர் ஒட்டுவதில்லை. திரும்ப வேலை கேட்டுப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்த ஆண்டுகளில் ஹிக்லிங் வானொலியையும் விட்டுவைக்கவில்லை. நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தங்கள் வீட்டுச் சிக்கல்களைச் சொல்ல, அவர் பதில் சொன்ன நிகழ்ச்சிகளை நடத்தினார். மனநல மருத்துவரை நேரில் பார்க்கக் கூசுகிறவர்கள் பெயர் சொல்லாமல் பேச முடிந்தது. பேசாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது. 1992-ல் இது பற்றியும் மருத்துவ இதழில் எழுதினார்.

பிரிட்டன் சொன்ன நோய்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜமைக்காவிலிருந்து லட்சக்கணக்கானோர் பிரிட்டனுக்கு வேலைக்குப் போனார்கள். பஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் செவிலியரானார்கள். அறுபதுகளிலிருந்தே அங்கிருந்து ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. கரீபியரிடையே மனச்சிதைவு நோய் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம் என்றார்கள். எண்பதுகளில் நாட்டிங்ஹாமில் நடந்த ஓர் ஆய்வு பன்னிரண்டு மடங்குக்கும் மேல் என்றது. இது பிறவியிலேயே, ரத்தத்திலேயே இருப்பதோ என்ற பேச்சும் கூடவே வந்தது.

ஹிக்லிங் செய்த வேலை எளிமையானது, அசாத்தியமான உழைப்பைக் கேட்பது. ஊரிலேயே எண்ணிப் பார்த்தார். 1992-ஆம் ஆண்டு முழுவதும், ஜமைக்காவில் எந்த மூலையிலாவது முதன்முறையாக மனச்சிதைவு அறிகுறிகளோடு மருத்துவ சேவையை நாடிய ஒவ்வொருவரையும் தேடிப் பரிசோதித்துப் பதிவு செய்தார்கள். 317 பேர். பத்தாயிரம் பேருக்குச் சுமார் இரண்டு. உலகின் மற்ற நாடுகளில் கண்டதற்கு ஒத்த அளவுதான். 1995-ல் பாமெலா ராட்ஜர்ஸ்-ஜான்சனோடு சேர்ந்து இதைப் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழிலேயே வெளியிட்டார். டிரினிடாட்டிலும் பார்படோஸிலும் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. நோய் ரத்தத்தில் இருந்தால் தீவில் இருப்பவர்களுக்கும் அல்லவா இருக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பிறகு மரபணு வாதம் எழுந்து நிற்கவில்லை.

தொண்ணூறுகளில் அவரே பிரிட்டன் போனார். பர்மிங்ஹாமில் மனநலச் சேவையில் வேலை பார்த்தார். லண்டனின் புகழ்பெற்ற மாட்ஸ்லி மருத்துவமனையில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. அங்கிருந்த உள்நோயாளிகளை, பிரிட்டிஷ் மருத்துவர்கள் என்ன நோய் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல், ஹிக்லிங் தனியாகப் பரிசோதித்துத் தம் முடிவை எழுதினார். மனச்சிதைவு என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் முடிவு செய்திருந்த கறுப்பின நோயாளிகள் 29 பேர். 16 பேர் விஷயத்தில் அவர் ஒப்புக்கொண்டார். 13 பேர் விஷயத்தில் ஒப்பவில்லை. 1999-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ராபின் மர்ரி போன்ற மாட்ஸ்லி ஆய்வாளர்களே அவரோடு கையெழுத்திட்டிருந்தார்கள்.

இதை வைத்துப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எல்லாரும் தவறு, ஜமைக்காக்காரர் சரி என்று சொல்லிவிட முடியாது. அவர் மனச்சிதைவு என்று சொன்ன சிலரை அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இருவர் கணக்கிலும் மொத்த விழுக்காடு ஏறத்தாழ ஒன்றுதான்; ஆட்கள்தான் வேறு. ஒரே மனிதருக்கு இரண்டு தேர்ந்த மருத்துவர்கள் இரண்டு நோய் சொன்னால், அந்த நோய்ப் பெயரை வைத்து அவரைக் கட்டாயமாக அடைத்துவைப்பதற்கு என்ன நியாயம் என்பதே ஆய்வு எழுப்பும் கேள்வி. பின்னால், 2006-ல், லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் நகரங்களில் நடந்த பெரிய ஆய்வு, கரீபியரிடையே நோய் விகிதம் உண்மையிலேயே அதிகம், தவறான கணிப்பு மட்டும் காரணமல்ல என்று காட்டியது. சிறு வயதில் பெற்றோரைப் பிரிதல், வேலையின்மை, தனிமை, இனப்பாகுபாடு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அப்படியானால் அவர்களைச் சீக்காக்கியது பிரிட்டனின் வாழ்க்கை. ஹிக்லிங் வேறு வழியில் போய்ச் சொன்னதற்கு இது வெகுதூரம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு கனவு

2000-ல் மோனா வளாகத்துக்கு மனநல மருத்துவத் துறைப் பேராசிரியராகத் திரும்பினார். பெட்வர்டு பிரசங்கம் செய்த ஆகஸ்ட் டவுன் அந்த வளாகத்தின் வேலிக்கு அப்பால்தான். பல்கலைக்கழக மருத்துவமனையின் மனநலப் பிரிவான 21-ஆம் வார்டு அந்நாட்டு இளைஞர்களிடையே அவ்வளவு பிரபலம். அந்தப் பெயரையே வைத்துக்கொண்ட டான்ஸ்ஹால் இசைக்குழு ஒன்று உண்டு. மோனாவில் புதிய தலைமுறை மனநல மருத்துவர்களையும் மருத்துவ உளவியலாளர்களையும் பயிற்றுவித்தார். மனநலத்துக்கும் போதைப் பழக்க ஆய்வுக்குமான ‘கரிமென்சா’ என்ற நிறுவனத்தை உருவாக்கினார்.

பெல்வியூவில் பாதியில் நின்ற வேலை அங்கேதான் மறுபடி உயிர்பெற்றது, இம்முறை குழந்தைகளிடம். ‘ட்ரீம்-எ-வேர்ல்ட்’ என்று பெயர். கிங்ஸ்டனின் வறிய பகுதிப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். படிப்பில் பின்தங்கியவர்கள், முரட்டுத்தனம் செய்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கைவிட்டவர்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் வளரும் பிள்ளைகள். அவர்களிடம், வேறொரு உலகத்துக்குப் போகப்போகிறீர்கள், அந்த உலகம் எப்படி இருக்கும், யார் இருப்பார்கள், என்ன சட்டம் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் அந்த உலகத்துக்குப் பாட்டுக் கட்டினார்கள்; ஆடினார்கள்; நாடகமாக்கினார்கள். கூடவே பாடமும் நடந்தது. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழந்தைகள் மனநல மருத்துவர் ஜஸ்வந்த் குஸ்டரும், ஹிக்லிங்கின் மனைவியும் ஆய்வாளருமான ஹிலாரி ராபர்ட்சன்-ஹிக்லிங்கும் இதில் முக்கியப் பங்காற்றினார்கள். இதில் சேராத இன்னொரு 30 பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, சேர்ந்தவர்களின் நடத்தையும் படிப்பும் முன்னேறியிருந்தன. 2013-ல் அது வெளியானது. பிறகு கனடா நிதியுதவியோடு வேறு பள்ளிகளுக்கும் விரிந்தது.

அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு இதை எழுதவில்லை. ஜமைக்கா மக்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஆளுமைக் கோளாறு அறிகுறிகள் இருப்பதாக அவரும் ஒரு சக ஆய்வாளரும் 2013-ல் எழுதினார்கள். அடிமை முறையின் காயம், வன்முறை, கலைந்த குடும்பங்கள் என்று காரணம் சொன்னார்கள். பத்தில் நான்கு பேருக்குப் பொருந்தும் ஒரு நோய்ப் பெயரால் மருத்துவத்துக்கு என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை. கறுப்பின மக்கள்மீது நோய்ப் பெயரை அவசரப்பட்டு ஒட்டாதீர்கள் என்று லண்டனில் வாதாடியவர் அவரே. நாட்டின் வறுமையையும் வன்முறையையும் நோயாக எழுதினால், அரசு செய்ய வேண்டியதை மருத்துவரின் தலையில் கட்டிவிட வாய்ப்புண்டு.

இன்னொரு குறை அவர் ஒருவருடையதல்ல. வீட்டிலும் ஊரிலும் வைத்துப் பார்ப்பது என்றால், பார்ப்பது யார்? ஜமைக்காவில் பல வீடுகளின் தூண் பாட்டிகளும் அம்மாக்களும்தான். மாத்திரை கொடுப்பதும் இரவெல்லாம் கண்விழிப்பதும் அவர்கள் தலையில் விழுகிறது. வீடே இல்லாதவர்கள் தெருவில் விழுகிறார்கள். 1999 ஜூலையில் மாண்டிகோ பே நகரில், சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் படுத்திருந்த சுமார் 30 பேரை இரவோடு இரவாகப் பிடித்து, கண்ணில் மிளகாய்த் தூள் கலவை அடித்து, கட்டி, லாரியில் ஏற்றி, வேறொரு மாவட்டத்தில் பாக்சைட் கழிவுக் குளம் அருகே கொண்டுபோய்த் தள்ளினார்கள். அவர்களில் பலர் மனநோயாளிகள். நாடு கொதித்தது; விசாரணை ஆணையம் அமைந்தது; அரசு இழப்பீடும் கொடுத்தது. மதிலை விட்டு வெளியே கொண்டுவந்த பிறகு தங்க இடம் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த இரவு சாட்சி. ஹிக்லிங்கின் முறையை மெச்சி வேறு நாடுகளில் பின்பற்ற நினைப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

பிரடெரிக் ஹிக்லிங் 2020 மே 7 அன்று காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளியான அவருடைய ‘ஓனிங் அவர் மேட்னஸ்’ என்ற நூலில் ஜமைக்கா தன் மனநோயைத் தன்னுடையது என்று ஏற்றுப் பேச வேண்டும் என்று வாதாடியிருந்தார். அவருக்குக் கொடுத்த தேசிய விருதுகளைவிட அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை வேறொன்று இருக்கிறது. பெல்வியூவில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மருத்துவமனையே தேவையில்லை. திரும்பிப் போக வீடில்லை, அவ்வளவுதான். மனநலத்துக்கான பணத்தில் பெரும்பகுதியும் ஆண்டாண்டாக அந்த ஒரே மதிலுக்குள்தான் போகிறது. அவர்களை வெளியே கொண்டுவரப் புது மருந்து எதுவும் வேண்டாம். ஊருக்குள் சில வாடகை வீடுகள், மூன்று வேளை சாப்பாடு, மாதாமாதம் ஊசியோடு வரும் ஒரு மனநல அலுவலர் போதும். அதற்கான பணத்தை ஜமைக்கா நாடாளுமன்றம் ஒதுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஒதுக்க வேண்டும்.